நாயும் நடுவீடும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தை விடாது என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பழமொழிகள் முன்னோர் அனுபவத்தின் பிழிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், எல்லாப் பழமொழியும் எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் ஒருபடித்தாகப் பொருந்தும் என்று கொள்ளுதல் ஆராய்வோர் செயலன்று. இப்பழமொழியை இக்காலத்திலே பலர் எதற்குத் துணையாக எடுத்தாளுகின்றனர் என்பதை நோக்கும்போது, அதனைச் சற்றே உரைத்துப் பார்த்தல் கடன் என்று எனக்குத் தோன்றுகின்றது.

எதற்கு எடுத்தாளுகின்றனர்? சொல்லுகின்றேன். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே இன்று புதுமனைகள் பல எழுந்துள்ளன. சாணமிட்டு மெழுகிய நிலமும், வெண்மணல் பரப்பிய முற்றமும், கிடுகு வேலியும் அருகி, மாபிள் பதித்த தரையும், சீமெந்து பூசிய வளவும், மதிலும் பெருகியுள்ளன. இத்தகைய மனை ஒன்றுக்குக் குழந்தைகளின் விருப்பத்தின்பொருட்டு நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்கின்றது. முதல் வாரம் அது வீட்டின் செல்வம். இரண்டாம் வாரம் விறாந்தையிலும் படுக்கையறையிலும் அது நீர் விடுகின்றது, மலங்கழிக்கின்றது. மூன்றாம் வாரம் அடி விழுகின்றது. நான்காம் வாரம், "நாயின் குணம் போகுமா?" என்ற பழமொழி முழங்க, குட்டி சாக்கினுள்ளே புகுகின்றது. மோட்டார் சைக்கிளில் ஏறிப் பாலங் கடந்து, படுவான்கரையில் ஒரு சந்தையடியிலோ கோயில் வீதியிலோ இறக்கி விடப்படுகின்றது. 2014 ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, இனித் துறையிலே படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று இருகரை மக்களும் மகிழ்ந்தோம். அவ்வசதி நாய்க்குட்டிகளை நாடுகடத்துவதற்கும் பயன்படும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

யான் வினவுவது இது. அக்குட்டி செய்த குற்றம் யாது? நடுவீட்டிலே வைக்கப்பட்டது அதன் குற்றமா? வைத்தவர் அதற்கு ஒன்றையும் கற்பியாமை அதன் குற்றமா?

நாயின் இயல்பை முதலில் நோக்குவோம். அழுக்கை விரும்புவது நாயின் இயல்பு என்று நாம் கருதுகின்றோம். உண்மை இதற்கு மாறானது. பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரம் வரையில் குருளை தானாக நீர் கழிக்கவும் மாட்டாது. தாய் நக்கித் தூண்டியபின்னரே அது கழிக்கும். கழித்ததைத் தாயே துப்புரவு செய்யும். மூன்றாம் வாரமளவில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், குருளை தான் கிடக்கும் இடத்தை விட்டு அப்பாற் சென்று கழிக்க முயலும். இதனை அதற்கு எவரும் கற்பிப்பதில்லை. தன் படுக்கையைத் தூய்மையாக வைத்தல் நாயின் பிறவிக்குணம். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை வகுத்து, குட்டி, பறழ் என்று கூறுதலையும் விலக்காது விட்டுள்ளது. விலங்கின் இளமைப் பருவத்தை இத்துணை நுணுகி நோக்கிப் பெயரிட்ட இனத்தவராகிய நாம், அப்பருவத்தின் இயல்பை அறியாதிருத்தல் தகாது.

இவ்வியல்பின் வலிமைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1957 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி சோவியத் நாட்டவர் ஸ்புட்னிக் 2 என்னும் கலத்திலே லைக்கா என்ற நாயை விண்ணுக்கு அனுப்பினர். அது மொஸ்கோ நகரத் தெருக்களில் அலைந்து திரிந்த நாய். அப்பயணத்துக்காக நாய்களை வரவரச் சிறிய கூடுகளில் நாட்கணக்காக அடைத்துப் பழக்கியபோது, அறிவியலாரை இடர்ப்படுத்தியது யாதெனின், அந்நாய்கள் தாம் கிடந்த கூட்டை அசுத்தம் செய்ய மறுத்து மலசலத்தை அடக்கிக்கொண்டமையே. தெருவிலே பிறந்து தெருவிலே வளர்ந்த நாய்களே இவ்வாறு செய்தன. அங்ஙனமாயின், நாய்க்குத் தூய்மை தெரியாது என்பது எவ்வாறு பொருந்தும்?

பின் ஏன் வீட்டினுள் அசுத்தம் செய்கின்றது எனின், விடை எளிது. தான் படுக்கும் மூலையை மாத்திரமே குட்டி தன் வீடாக அறியும். நமது விறாந்தையும் குசினியும் பூசை அறையும் அதற்குத் தூரதேசம். வளவின் மூலையும் கூடத்தின் மூலையும் அதன் கண்ணுக்கு ஒன்றே. 'இம்மனை முழுவதும் நின் படுக்கையே' என்பதை நாம் அறிவித்தாலன்றி அஃது அறிய வழியில்லை. இங்கே குறைவது குணமன்று, கல்வி.

அக்கல்வியை எவ்வாறு கொடுப்பது? வள்ளுவர் அரசர்க்குரியனவாக வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்ததை நாய்க்குட்டிக்கு இழுப்பதா என்று என் மாணாக்கர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். எடுத்த காரியம் முடிய வேண்டுமாயின் இம்மூன்றும் வேண்டும் என்பது அரண்மனைக்கும் ஒக்கும், அடுக்களைக்கும் ஒக்கும்.

முதலாவது வலியறிதல். இரண்டு மாதக் குட்டி பகற்பொழுதில் இரண்டு அல்லது மூன்று மணிநேரத்துக்கு மேல் நீரை அடக்கமாட்டாது. மாதம் ஏற ஏற அவ்வலிமையும் ஏறும். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய், பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பி, "ஐயோ, தரையெல்லாம் நாசம்" என்று குமுறுவோர், கைக்குழந்தை தொட்டிலை நனைத்ததற்குக் குமுறுவாரோ? நோயும் வலியைக் குறைக்கும். நன்கு பழகிய நாய் திடீரென வீட்டினுள் நீர் விடத் தொடங்கினால், அது பிடிவாதமன்று. சிறுநீர்த் தொற்றோ, நீரிழிவோ, சிறுநீரகக் கோளாறோ, முதுமைத் தளர்ச்சியோ இருத்தல் கூடும். குட்டிக்கு வயிறு கழிவது குடற்புழுவினாலும் ஆகலாம். அப்பொழுது நாட வேண்டியது கால்நடை வைத்தியரை, பிரம்பையன்று.

இரண்டாவது காலமறிதல். குட்டி கழிக்கும் வேளைகள் கண்டறிய அரியனவல்ல. துயில் எழுந்தவுடன், உணவு கொண்ட சிறிது நேரத்தில், விளையாடி முடிந்ததும், இரவு உறங்கப் போகுமுன் என்று இவற்றை எண்ணிவிடலாம். வயிற்றினுள் உணவு புகுந்ததும் குடல் இயங்கத் தொடங்குதல் மனிதர்க்கும் விலங்குக்கும் பொது. ஆகவே உணவை நினைத்த போதெல்லாம் இடாது குறித்த வேளையில் இட்டால், கழிவும் குறித்த வேளையில் நிகழும். மூக்கை நிலத்தில் வைத்து மோந்துகொண்டு வட்டமிடுவது அதன் விண்ணப்பம். அவ்விண்ணப்பத்தைக் கண்டவுடன் வெளியே கொண்டு செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது இடனறிதல். குட்டி ஏறத்தாழ எட்டு ஒன்பது வார அளவில் எந்நிலத்திற் கழிக்கப் பழகுகின்றதோ அந்நிலத்தையே பின்னரும் நாடும். மணலிற் பழகியது மணலை நாடும். மாபிளிற் பழகியது மாபிளை நாடும். நமது கரையோர நிலம் மணல் நிலம். நாய்க்கு இதனினும் உவந்த இடம் வேறில்லை. வளவிலே ஒரு மூலையைத் தெரிந்து, ஒவ்வொரு முறையும் அவ்விடத்துக்கே கொண்டு சென்று, அது கழித்து முடிக்கும் வரையில் பொறுத்து நின்று, முடித்த அக்கணத்திலேயே தடவிக் கொடுத்து, இன்சொற் கூறி, சிறு தீனி ஒன்றும் அளித்தல் வேண்டும். வீட்டினுள்ளே பழைய பத்திரிகையை விரித்து அதிற் பழக்குவாரும் உளர். மாடி வீட்டார்க்கு அது தவிர்க்கவியலாததாயின் ஆகுக. வளவு உடையோர்க்கு அது வேண்டாத வேலை. வீட்டினுட் கழிக்கலாம் என்று முதலிற் கற்பித்து, கழிக்கலாகாது என்று பின்னர்க் கற்பிப்பது இரட்டைப் பாடம். அத்தோடு, ஓய்ந்து படிப்பதற்கென்று விறாந்தையில் வைத்த பத்திரிகைக்கும் குட்டி அதே மரியாதையைச் செய்துவிட்டால் யாரை நோவது?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் பகுதிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது வளவெல்லாம் வெள்ளம் நிற்கும். 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மட்டக்களப்பு எவ்வாறு நீரில் மிதந்தது என்பதை எவரும் மறந்திலர். கடுமழையில் வெளியே செல்ல நாயும் விரும்பாது. இதற்கு வழி யாதெனின், இறப்பின் கீழோ, நாலு தடி நட்டுக் கிடுகு வேய்ந்த சிறு கொட்டிலின் கீழோ சற்று மேடாக மணலைக் கொட்டி, மழைக்கு முன்னரே அவ்விடத்திற் பழக்குதல். ஒரு பிற்பகல் வேலை. ஒரு மாரிகாலத்து அமைதி.

துப்புரவு செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அமோனியாவாக மாறும். அமோனியா கலந்த மருந்தினால் தரையைக் கழுவினால் நம் மூக்குக்கு அது தூய்மை. நாயின் மூக்குக்கோ, 'இது கழிக்கும் இடம்' என்ற அறிவிப்பு. சவர்க்கார நீரினாற் கழுவி, வினாகிரியை நீரிற் கலந்து துடைத்து, நன்றாக உலரவிடுதல் நலம்.

இனித் தண்டனைக்கு வருவோம். அசுத்தத்தில் நாயின் மூக்கைத் தேய்த்து அடித்தல் நம்மிடையே பலரும் கைக்கொள்ளும் வைத்தியம். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தாலன்றி விலங்கின் உள்ளம் அவற்றைத் தொடர்புபடுத்தாது. உணவுக்கு முன் ஒலியைக் கேட்கச் செய்து, பின்னர் ஒலி கேட்டதுமே நாயின் வாயூறுவதைக் காட்டிய இரசிய அறிஞர் இவான் பவ்லோவின் ஆராய்ச்சி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. காலையிற் செய்ததற்குப் பிற்பகலில் அடித்தால், நாய் அறிவது ஒன்றே: வீட்டுக்காரர் திரும்பி வருதல் ஆபத்து. செய்கையின் நடுவிலே பிடித்து அடித்தாலும் அது கற்கும் பாடம், 'இவ்வீட்டிலே கழிக்கலாகாது' என்பதன்று. 'இவர் பார்க்கக் கழிக்கலாகாது' என்பது. அதன்பின் அது கட்டிலின் கீழும் அலுமாரியின் பின்னும் ஒளித்துக் கழிக்கும்; வளவிலே நாம் கூட நின்றால் கழிக்கவே மாட்டாது. நம் அறியாமைக்கு நாம் இடும் பெயர், "கள்ள நாய்."

அச்சம் கழிவை அடக்காது, பெருக்கும் என்பதை யான் நூல் கொண்டு நிறுவ வேண்டியதில்லை. வீட்டுக்காரரைக் கண்டதும் உடலைக் குறுக்கி வாலை ஒடுக்கி நீர் விடும் குட்டிகளை யாவரும் கண்டிருப்பர். அது பணிவின் மிகுதியும் அச்சத்தின் மிகுதியுமாம். அதற்கு அடித்தால் இன்னும் விடும். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடையே வாழ்பவன் யான். முதலாம் வகுப்பிலே, உரத்த குரல் ஒன்று கேட்டவுடன் இருக்கையிலேயே நனைந்துவிட்ட குழந்தையை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். அக்குழந்தைக்கு வேண்டியது மாற்றுடையும் மென்சொல்லும் என்பதை அறியாதார் இன்று இலர். பள்ளிகளிலே உடற்றண்டனை கூடாது என்று நம் நாட்டுக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை விடுத்தது. பிரம்பைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியவர்கள் அதனை நாய்க்குட்டிக்காக வீட்டிலே மறைத்து வைத்திருப்பதில் என்ன நியாயம்? அப்பிரம்பு வீசப்படுவதை முதலிற் பார்த்து நிற்பவர் அவ்வீட்டுக் குழந்தைகள் அல்லரோ? வலியார் மெலியாரை அவர் அறியாத குற்றத்துக்கு அடிக்கலாம் என்பதும், வேண்டாதபோது சாக்கிலிட்டு எறியலாம் என்பதும் அவர்கள் கற்கும் பாடமாகின்றன. வெருவந்த செய்யாமை என்றோர் அதிகாரத்தையும் வள்ளுவர் வைத்துள்ளார் என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றேன்.

"ஐயா, நாய்க்குரிய இடம் வளவு. அதனை வீட்டினுள் ஏற்றுவதே பிழை" என்பார் உளர். அவர் கூற்றை யான் இகழேன். படுவான்கரையின் வயல்வெளிகளிலே பன்றிக்கும் யானைக்கும் காவலாகக் குரைக்கும் நாய், ஒருபோதும் வாசற்படி ஏறாது, மதிப்போடு வாழ்கின்றது. நிழலும், நீரும், மழைக்கு ஒதுங்க ஓர் இடமும் கொடுத்து வளவிலே வைத்திருப்பதும் நல்வளர்ப்பே. யான் மறுப்பது, பொம்மையாக உள்ளே ஏற்றிப் பகையாக வெளியே எறியும் நடுவழியை. நடுவீட்டில் வைப்பதோ வளவில் வைப்பதோ அவரவர் விருப்பம். வைத்தபின் கைவிடாமை எல்லார்க்கும் கடன்.

அக்கடன் நாய்க்கு மாத்திரம் உரியதன்று, அயலவர்க்கும் உரியது. நாம் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி ஒட்டி வாழும் கரையினர். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது நம் முஸ்லிம் அயலவர் பெரும்பாலும் கைக்கொள்ளும் ஷாபிஈ மரபின் விதி. காவலுக்கு நாய் வைத்திருப்பதை அவர்கள் தடுப்பதில்லை. ஆனால், கற்பிக்கச் சோம்பி, காலையிலே படலையைத் திறந்து தெருவில் விட்டுவிட, அந்நாய் அவர்தம் வாசலிலே கழித்துவிட்டு வருமாயின், அது நாயின் குற்றமன்று. நம் நாகரிகத்தின் குறை. சிறு அசுத்தத்தினாற் பெரும் பகை விளைந்த ஊர்கள் இல்லாமலில்லை.

இனிச் சந்தையடியில் இறக்கி விடப்பட்ட குட்டிக்கு என்ன நேர்கின்றது? பெரும்பாலும் அது சாகின்றது. பிழைத்தவை பெருகுகின்றன. தடுப்பூசி இல்லாத தெருநாய் பெருகும்போது விசர்நாய்க்கடியும் பெருகும். இலங்கையிலே 1973 ஆம் ஆண்டில் அந்நோயினால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டும், கடியுண்டார்க்கு விரைந்து மருத்துவம் செய்தும், அண்மைக் காலத்தில் அத்தொகையை ஆண்டுக்குச் சில பத்தாகக் குறைத்துள்ளனர் நம் சுகாதாரத் துறையினர். தெருநாய்களைக் கொல்லுதல் கூடாது என்ற கொள்கையை அரசு 2006 ஆம் ஆண்டில் மேற்கொண்டது. கொல்லாமை நன்று. ஆனால், கொல்லாமையை அரசிடம் விட்டுவிட்டு, எறிதலைக் குடிகள் கைவிடாதிருந்தால் அக்கொள்கை எவ்வாறு நிலைபெறும்? ஒரு பக்கம் கருத்தடையும் தடுப்பூசியும் நடைபெற, மறுபக்கம் சாக்குகள் அவிழ்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுட் பல, மாபிள் தரையில் விழுந்த சிறுநீரினால் அவிழ்ந்தவை.

நாலடியாரிலே நாயைப் பற்றி இருவேறு கருத்துக்கள் உள. பொற்கலத்தில் ஊட்டினாலும் எச்சிலை நோக்கியே நாய் காத்திருக்கும் என்பது ஒன்று. பல நாள் பழகிய பாகனையும் யானை கொல்லும். தன்மீது பாய்ந்த வேல் உடலில் நிற்கவும் நாய் வாலைக் குழைக்கும். ஆதலால் நாயனைய கேண்மையே கொள்ளத்தக்கது என்பது மற்றொன்று. கீழ்மக்களைக் குறிப்பதற்கு முன்னதும், நட்பினரைக் குறிப்பதற்கு பின்னதும் உவமையாக வந்தன. நம்மவர் முன்னதை மனத்திலிருத்திப் பின்னதை மறந்தனர். எறிந்தவன் மீண்டும் அவ்வழியே வரின், சந்தையடிக் குட்டி ஓடிவந்து அவன் காலையே நக்கும்.

ஆதலின், நாய் வளர்க்க விரும்புவோர்க்கு யான் கூறுவது இதுவே. குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்னர்ப் பிரியாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு வருமுன், காலையிலும் நண்பகலிலும் இரவிலும் அதனை வெளியே கொண்டு செல்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். மூன்று நான்கு மாதம் வரையில் ஒருநாளும் வழுவாது அதனைச் செய்ய உங்கள் இல்லத்தில் ஆளில்லையாயின், குட்டியைக் கொண்டு வராதீர்கள். அதுவும் ஓர் அறமே. கொண்டு வந்தபின், அசுத்தத்தைக் கண்டால் துணியை எடுங்கள், தடியை எடாதீர்கள். தடுப்பூசியும், வேண்டிய காலத்தில் கருத்தடையும் செய்வியுங்கள்.

குளிப்பாட்டுவதும் நடுவீட்டில் வைப்பதும் பயிற்சியாகா. நீரினால் உடல் நனையும். இடத்தினால் உயரம் மாறும். பழக்கம் மாறுவது கற்பிப்பாரின் பொறுமையினால் மாத்திரம். பழமொழி பிழையன்று, அதிற் கூறப்பட்டவர் குளிப்பாட்டினார், நடுவீட்டிலும் வைத்தார். கற்பித்தார் என்று பழமொழி எங்கும் கூறவில்லை.